மாமாவின் வெப்லியா, ஆறு அங்குல .22-ஆ: இலக்குச் சுடுதலுக்கு ஒரு ரிவால்வர் தேர்ந்தெடுத்த கதை

போன ஆனியில், மேட்டூர்த் தண்ணீர் குடமுருட்டியில் வந்து சேர்ந்த வாரம், என் மச்சான் போன் செய்தான். "அத்தான், அப்பா தன்னோட ரிவால்வரை என் பேருக்கு மாத்திக்கச் சொல்றார். மாத்திக்கவா, இல்ல ரேஞ்சுக்குன்னு நல்லதா வேற ஒண்ணு பார்க்கவா?"

ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன். முடியவில்லை. குறுவை அறுப்பு வரைக்கும் அந்தப் பேச்சு இழுத்தது. டெல்டாவில் பழைய மிராசு வீடுகள் பலவற்றில் பீரோவுக்குள் ஒரு 12 போர் வேட்டைத் துப்பாக்கியும், துணியில் சுற்றிய ஒரு .32 ரிவால்வரும் (.32, .22 என்பதெல்லாம் அங்குலத்தில் குழல் துளையின் அளவு) இருக்கும். பிள்ளைகளில் யாராவது ஒருவருக்குக் குறி பார்த்துச் சுடும் விளையாட்டில் ஆசை வந்தால் இதே கேள்வி அந்த வீட்டிலும் எழும். அதற்காகத்தான் நாங்கள் பார்த்ததை, அளந்ததை, யோசித்ததை எழுதுகிறேன்.

மச்சானுக்கு 38 வயது. திருவையாறு பக்கம் விவசாயம். இரண்டு வருஷமாக என்னோடு ஞாயிற்றுக்கிழமைகளில் திருச்சி ரேஞ்சுக்கு, அதாவது சுடுதளத்துக்கு, வருகிறான். 2022 ஜூலையில் 47-வது மாநிலத் துப்பாக்கிச் சுடும் போட்டி திருச்சி ரைபிள் கிளப்பில் நடந்தபோது நடிகர் அஜித்குமார் வந்து சுட்டாரே, அதற்கப்புறம் எங்கள் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேருக்கு இப்படி ஒரு விளையாட்டு இருப்பதே தெரிந்தது. மச்சானும் அப்படி வந்தவன்தான். ஏர் பிஸ்டலில் ஆரம்பித்தான், இப்போது சங்கத்தின் .22 பிஸ்டலில் 25 மீட்டர் பழகுகிறான். கை நின்றுவிட்டது. இனி சொந்தமாக ஒன்று இருந்தால் நல்லது என்ற கட்டம்.

ஆசைக்கு முன்னால் சட்டம் நிற்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். 2019-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது இரண்டாகக் குறைந்தது. பரம்பரையாக வந்து சேர்வதும் இந்த இரண்டுக்குள்தான் அடங்க வேண்டும். பேர் பெற்ற போட்டி வீரர்களுக்குச் சலுகை உண்டு, மச்சான் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. அவன் பேரில் வயல் காவலுக்கென்று ஏற்கெனவே ஒரு 12 போர் இருக்கிறது. ஆக, மிச்சம் ஒரே ஒரு இடம். அந்த இடத்தில் எது உட்கார வேண்டும் என்பதுதான் கேள்வி. அதனால்தான் எனக்கு உடனே பதில் வரவில்லை.

அப்புறம், நம் நாட்டில் கடையில் போய்க் காட்டலாக் பார்த்து வாங்குகிற சமாச்சாரம் இல்லை இது. 1980-களின் நடுவிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கிகளைச் சாதாரண ஆட்கள் இறக்குமதி செய்ய வழியில்லை. வீடுகளில் இருக்கும் வெப்லி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், கோல்ட் கம்பெனித் துப்பாக்கிகள் எல்லாம் அதற்கு முன்னால் வந்தவை, கை மாறிக் கை மாறிச் சுற்றுகின்றன. அளவிலும் கட்டுப்பாடு உண்டு. .38, .455, 9 மி.மீ. எல்லாம் தடை செய்யப்பட்ட அளவுகள். அமெரிக்காவில் இலக்குச் சுடுதலின் செல்லப்பிள்ளையாக இருந்த .38 ஸ்பெஷல் ரிவால்வர்களைப் பற்றி நாம் படித்து ரசிக்கலாம், அவ்வளவுதான். நமக்கு உள்ளவை பெரும்பாலும் .32-ம் .22-ம்.

மாமாவின் ரிவால்வரை முதலில் பார்த்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை காலை போனோம். மாமாவுக்கு 74 வயது. நாற்பது வருஷத்துக்கு மேல் லைசென்ஸ் வைத்திருக்கிறார். கூடத்து மேஜையில் பழைய வேட்டியை நாலாக மடித்து விரித்து, அதன் மேல் கொண்டுவந்து வைத்தார். வெப்லி அண்ட் ஸ்காட், .32, மூன்று அங்குலப் பேரல், நடுவில் முறிந்து திறக்கும் வகை. கட்டை விரலால் பக்கத்துக் கொக்கியைத் தள்ளிப் பேரலைக் கீழே சாய்த்தால் தோட்டா அறைகள் உள்ள சிலிண்டரின் முதுகு முழுக்கத் தெரியும், நட்சத்திரம் போன்ற தகடு எழும்பி ஆறு வெற்றுக் கூடுகளையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிடும். சீக்கிரம் காலி செய்து மறுபடி நிரப்ப வசதியான அமைப்பு அது. திறந்து மூடும்போது வரும் அந்த 'ளக்' சத்தத்துக்கே ஒரு அழகு உண்டு.

ஆறு அறையும் காலி என்று மூவரும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டோம். பிறகு சோதனை. ஹேமரை (தோட்டாவைத் தட்டும் சுத்தியல் போன்ற பாகம்) கட்டை விரலால் மெதுவாக, மிக மெதுவாகப் பின்னால் இழுக்க வேண்டும். ஹேமர் முழுதாகப் போய் நிற்பதற்குள் சிலிண்டர் சுற்றி வந்து தன் பள்ளத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து அறைகள் சரியாகப் பூட்டின. ஒன்று மட்டும் ஹேமர் நின்ற பிறகும் ஒரு மயிரிழை ஆடியது. விரலால் தள்ளினால்தான் 'டிக்' என்று உட்கார்ந்தது. அப்படி ஆடும் அறையிலிருந்து கிளம்பும் குண்டு பேரலின் வாய்க்கு நேராக நுழையாமல் ஓரத்தில் உரசி நுழையும். ஈயம் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும், குறியும் கெடும். அடுத்து, சிலிண்டருக்கும் பேரலுக்கும் உள்ள இடைவெளி. அதைப் பார்க்க டிராக்டர் மெக்கானிக்கிடம் இருந்து டாப்பட் அளக்கும் ஃபீலர் கேஜை (மெல்லிய அளவுத் தகடுகள்) வாங்கி வந்திருந்தேன். நல்ல ரிவால்வரில் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை இருக்கும். மாமாவுடையதில் 0.2 தகடு சுலபமாகப் போனது, 0.25 இறுக்கிப் பிடித்தது. மூட்டுப் பக்கம் பேரலைப் பிடித்து அசைத்தால் லேசான ஆட்டம். முறிந்து திறக்கும் துப்பாக்கிகளில் காலம் போகப் போக மூட்டும் கொக்கியும் தேயும். .32 அழுத்தம் குறைந்த தோட்டா என்பதால் ஆபத்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் பின்குறி (கண்ணருகே உள்ள பள்ளம்) ஒரு பாகத்திலும் முன்குறி (குழல் முனையில் உள்ள மேடு) இன்னொரு பாகத்திலும் இருக்கும் கருவியில், நடுவே ஆட்டம் இருந்தால் இலக்குச் சுடுபவனுக்கு அது பெரிய விஷயம்.

கடைசியாக ட்ரிகர். துப்பாக்கியை வானம் பார்க்க நிமிர்த்தி, ட்ரிகரில் ஒரு கொக்கி மாட்டி, அதில் துணிப்பை தொங்கவிட்டு, பைக்குள் மாமா வீட்டு நெல் வியாபாரக் காலத்துப் படிக்கற்களை ஒவ்வொன்றாகப் போட்டோம். ஹேமரை முன்னாலேயே இழுத்து வைத்தால் 2 கிலோ தாங்கியது, 2½ கிலோவில் விழுந்தது. ஹேமரை இழுக்காமல் ட்ரிகராலேயே முழு வேலையும் வாங்கினால் 6 கிலோ போட்டும் அசையவில்லை. சர்வதேசப் போட்டி விதிப்படி சென்டர் ஃபயரில் (.32 போன்ற தோட்டாக்களுக்கான 25 மீட்டர் போட்டி) ட்ரிகர் குறைந்தபட்சம் 1 கிலோ தாங்கினால் போதும். நல்ல இலக்கு ரிவால்வரின் ட்ரிகர், கண்ணாடிக் குச்சி முறிவதுபோல இழுவையே இல்லாமல் விடும். மாமாவுடையது கொஞ்சம் நகர்ந்து, தயங்கி, பிறகு விடுகிறது. சுவரோரம் நிற்கும் திருடனுக்கு அது போதும், 25 மீட்டரில் இருக்கும் 5 செ.மீ. வட்டத்துக்குப் போதாது.

அந்த வட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 25 மீட்டர் நிதானச் சுடுதல் தாளில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 50 மி.மீ., அதாவது நடுவிலிருந்து எந்தப் பக்கமும் 25 மி.மீ. இப்போது கணக்குப் போடுங்கள். முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே 10 செ.மீ. தூரம் என்றால், முன்குறி பள்ளத்துக்குள் 0.1 மி.மீ. ஒதுங்கி நின்றாலே குண்டு 25 மி.மீ. தள்ளிப் போகும். 0.1 மி.மீ. என்பது ஒரு தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். அதே கை, அதே கண், குறிகளுக்கு நடுவே 20 செ.மீ. இருந்தால் 0.2 மி.மீ. வரை தவறலாம், அப்போதும் பத்துக்குள்தான். இரண்டு மடங்கு மன்னிப்பு. குட்டைக் குழல் துப்பாக்கியில் 'குறி சரியில்லை' என்று சொல்வதன் உண்மையான அர்த்தம் பெரும்பாலும் இதுதான். குண்டு நேராகத்தான் போகிறது, நம் கண்ணால்தான் அவ்வளவு நுணுக்கமாக ஒட்டவைக்க முடியவில்லை.

மாமா இந்தக் கணக்கை ஏற்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் பேப்பர்லயே சுட்டுட்டீங்க. நான் சுடுறேன், பாருங்க" என்றார். லைசென்ஸ் அவர் பேரில், காரணத்தில் தற்காப்போடு விளையாட்டும் எழுதியிருக்கிறது. சங்கத்தில் கேட்டுக்கொண்டு அடுத்த ஞாயிறு அழைத்துப்போனோம். துப்பாக்கியைச் சோதிக்க வேண்டும், மாமாவின் கையை அல்ல என்பதால் மணல் மூட்டை மேல் ஊன்றிச் சுடச் சொன்னேன். கட்டை விரலால் ஹேமர் இழுத்து, நிதானமாக ஐந்து ரவுண்டு. தாளை இழுத்துப் பார்த்தால், ஐந்தும் ஒரு சாண் அகலத்துக்குப் பரவி, மொத்தமாக இடது கீழ் மூலையில் கிடந்தன. பின்குறி என்று அதில் தனியாக எதுவும் இல்லை, பேரலைப் பூட்டும் கொக்கியின் தலையில் வெட்டிய ஒரு பள்ளம்தான். திருகித் திருத்த வழி கிடையாது. பிறகு அதே மூட்டை மேல் சங்கத்தின் .22 இலக்குப் பிஸ்டலைக் கொடுத்தேன். ஐந்தும் ஒரு தீப்பெட்டி அகலத்துக்கு மேல் கொஞ்சம்தான். மாமா அந்த இரண்டு தாளையும் ரொம்ப நேரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சரி, வெப்லி இல்லையென்றால் வேறு என்ன?

புதிதாகக் கிடைப்பவற்றைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். துப்பாக்கித் தொழிற்சாலை திருச்சியிலேயே இருந்தாலும் .32 ரிவால்வர் கான்பூரிலிருந்துதான் வருகிறது. அங்கே வெகுகாலமாகச் செய்யும் .32, வெப்லியின் மார்க் 4 அமைப்பைத் தழுவிய முறிந்து திறக்கும் வகை. 2014-இல் டைட்டானியக் கலவையில் அரைக் கிலோ எடையில் நிர்பீக் என்ற ரிவால்வர் வந்தது. 2023-இல் பிரபல் என்ற ரிவால்வர் வந்தது, சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் வகை, 76 மி.மீ. பேரல். உத்தரப் பிரதேசத்தின் சண்டீலாவில் வெப்லி பேரிலேயே .32 செய்கிறார்கள். எல்லாம் கைப்பையிலும் இடுப்பிலும் வைத்துக்கொள்ள, தற்காப்புக்குச் செய்தவை. லேசான எடை அதற்கு நல்லது, இலக்குச் சுடுதலுக்கு அதுவே கெடுதல். எடை இருந்தால்தான் நீட்டிய கையில் துப்பாக்கி அமைதியாக நிற்கும். விலையும் லட்சத்தைத் தாண்டும். ரேஞ்சுக்கு என்று வாங்குவதானால் இவற்றில் எதையும் நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது பழைய அமெரிக்க .32. இங்கேதான் எனக்கே மனசு ஆடியது. .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் என்ற தோட்டா 1896-இல் அந்தக் கம்பெனியின் பக்கவாட்டில் திறக்கும் முதல் ரிவால்வரோடு பிறந்தது. உதை மிகக் குறைவு, துல்லியம் மிக அதிகம். அதனால்தான் இன்றைக்கும் உலகப் போட்டிகளில் சென்டர் ஃபயர் பிஸ்டல்கள் இந்த 19-ஆம் நூற்றாண்டுத் தோட்டாவையே சுடுகின்றன. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் இந்திய வீரர் ஜஸ்பால் ராணா 600-க்கு 590 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தது இந்தச் சென்டர் ஃபயர் போட்டியில்தான். தட்டை முகக் குண்டு போட்டால் காகிதத்தில் பஞ்ச் அடித்ததுபோல வட்டமாக வெட்டும். உருண்டை மூக்குக் குண்டு கிழித்துக்கொண்டு போகும், ஓட்டை கோட்டைத் தொட்டதா இல்லையா என்று நடுவரோடு குனிந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தத் தோட்டாவுக்கு ஸ்மித்தும் கோல்டும் செய்த பழைய ரிவால்வர்கள், நாலே கால் அங்குலம், ஆறு அங்குலம் என்று நீளப் பேரலோடு நம் நாட்டிலும் சில இருக்கின்றன. முறியாத ஒற்றைச் சட்டகம், சிலிண்டர் மட்டும் இடதுபக்கம் சாய்ந்து திறக்கும். இரண்டு கம்பெனிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, சுடுபவர்கள் அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். பின்னாலிருந்து பார்த்தால் கோல்டின் சிலிண்டர் வலமாகச் சுற்றும், ஸ்மித்தின் சிலிண்டர் இடமாகச் சுற்றும். பழைய கோல்டில் ட்ரிகரை அழுத்திப் பிடித்திருக்கும்போது சிலிண்டரை அசைத்தால் சுவரில் பதித்த கல் போல நிற்கும். அந்த இறுக்கம் அருமையானது, ஆனால் அதைத் தரும் உள்பாகம் தேயவும் செய்யும், சரிசெய்யத் தெரிந்த கை நம் ஊர்ப் பக்கம் கிடையாது. ஸ்மித்தில் இம்மியளவு ஆட்டம் விட்டுத்தான் செய்திருப்பார்கள், ஆனால் அது வெகுகாலம் அப்படியே உழைக்கும். நம் நிலைமைக்கு நான் ஸ்மித் பக்கம்தான்.

இப்படி ஒரு ஆறு அங்குல .32 விலைக்கு வருகிறது என்று தகவல் வந்தது. வேறு மாவட்டம். மச்சானும் நானும் போனோம். விலை பல லட்சம். போட்டோவில் தகதகவென்று இருந்தது, நேரில் அதைவிட. எனக்கு அந்தத் தகதகப்பில்தான் சந்தேகம். பழைய நீலப்பூச்சு எண்பது வருஷத்தில் முனைகளில் தேய்ந்து வெள்ளை காட்டும், அதுதான் இயல்பு. இதில் முனைகளே மழுங்கியிருந்தன, கம்பெனி எழுத்துகள் பாதி கரைந்திருந்தன. யாரோ துரு பிடித்ததைத் தேய்த்துப் பாலிஷ் போட்டு மறுபடி பூச்சு ஏற்றியிருக்கிறார்கள். பேரலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். குண்டைச் சுழல வைக்கும் மரையின் மேடுகளுக்கு நடுவே, பல்லில் சொத்தை விழுந்ததுபோல வரிசையாகக் குழிகள். "அதெல்லாம் சுட்டா சரியாப் போயிடும்" என்றார் விற்பவர். சரியாகப் போகாது. குழியில் ஈயம் அப்பும், அப்பிய ஈயத்தின் மேல் அடுத்த குண்டு உரசும், இருபது ரவுண்டில் குறி கலைய ஆரம்பிக்கும். கூடவே, பரிமாற்றக் காகிதங்களைக் கேட்டதற்கு "பிறகு பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தது. விற்பவரின் லைசென்ஸில் அந்த எண் பதிவாகி இருப்பதைக் கண்ணால் பார்க்காமல், கலெக்டர் அலுவலக அனுமதி இல்லாமல், ஒரு திருகாணியைக்கூட வாங்கக் கூடாது. திரும்பி வந்துவிட்டோம். பஸ்ஸில் மச்சான் பேசவே இல்லை. அந்த ஆறு அங்குலப் பேரல் அவன் கையில் நின்ற விதம் எனக்கும் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

கடைசியாக .22. இலக்கு ரிவால்வர் என்ற சொல்லுக்கு ஒரு முகம் உண்டென்றால் அது ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் கே-22 மாஸ்டர்பீஸ். 1930-களில் வந்த முன்னோடியைத் திருத்திச் செய்தது, உலகப் போர் முடிந்த பிறகுதான் பரவலாக வந்தது. 1957-லிருந்து அதற்கு மாடல் 17 என்று பெயர். ஆறு அங்குலப் பேரல், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் எடை, திருகினால் கிளிக் கிளிக்கென்று நகரும் பின்குறி. அதே சட்டகத்தில் .32-க்கும் .38-க்கும் தம்பிகள் உண்டு. மூன்றையும் ஏறக்குறைய ஒரே எடை வரும்படி செய்தார்கள், மலிவான .22-இல் பழகிய கை மற்ற இரண்டிலும் தடுமாறக் கூடாது என்பதற்காக. சுடுபவனின் கையை நினைத்துச் செய்தவர்கள் அவர்கள். ஆறு அங்குலம் என்பது 152.4 மி.மீ., போட்டி விதி அனுமதிக்கும் உச்சம் 153. வெப்லியும்கூட மார்க் 4 வடிவத்தில் ஆறு அங்குலப் பேரலோடு ஒரு .22 இலக்கு ரிவால்வர் செய்தது. எங்காவது ஒரு வீட்டில் அது இருந்தால், அந்த வீட்டுக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

ரேஞ்சில் நாள் முழுக்க நிற்பவனுக்கு .22-இன் பெரிய லாபம் ரவுண்டு எண்ணிக்கை. ஒரு .32 ரவுண்டின் காசுக்குப் பல .22 ரவுண்டு சுடலாம். இலக்குச் சுடுதலில் கை தேர்வது ஆயிரம் ஆயிரமாகச் சுட்டுத்தான். வருஷத்துக்கு நூறு ரவுண்டு .32 சுடுபவனைவிட, நாலாயிரம் ரவுண்டு .22 சுடுபவனுக்கு ட்ரிகர் விரலில் வேறு விதமான அறிவு வந்துவிடும். இதை நான் என் கையிலேயே பார்த்தவன்.

ஒரு விஷயத்தில் மட்டும் .32-க்குச் சார்பாகப் பேச வேண்டும். .22-க்கான 25 மீட்டர் ஸ்டாண்டர்ட் பிஸ்டல் போட்டியில் ஐந்து ரவுண்டை முதலில் 150 விநாடியில், பிறகு 20 விநாடியில், கடைசியில் 10 விநாடியில் சுட வேண்டும். 10 விநாடியில் ஐந்து தடவை ஹேமர் இழுத்துக் குறி பார்ப்பது ரிவால்வர்க்காரனுக்கு மூச்சு முட்டும். இழுக்காமல் சுடலாம் என்றால் 5 கிலோ ட்ரிகர். அந்த இடத்தில், ஒவ்வொரு ரவுண்டுக்கும் தானே தயாராகிக்கொள்ளும் பிஸ்டலோடு போட்டி போட முடியாது. ஆனால் சென்டர் ஃபயரின் இரண்டாம் பாதியில் தாள் 3 விநாடி முகம் காட்டும், 7 விநாடி திரும்பி நிற்கும். ஒரு முகத்துக்கு ஒரே ரவுண்டு. கையைத் தாழ்த்திக் காத்திருக்கும் அந்த 7 விநாடியில் ஹேமரை அமைதியாக இழுத்து வைத்துக்கொள்ளலாம். ரிவால்வருக்கென்றே செய்த போட்டி போல இருக்கும். ஆக, மச்சான் .22 ரிவால்வர் எடுத்தால் அது பழக்கத்துக்கும் நிதானச் சுடுதலுக்கும். போட்டி என்று வந்தால் சங்கத்துப் பிஸ்டல்தான். இதைத் தெரிந்துகொண்டு எடுக்கட்டும் என்று அவனிடம் தெளிவாகவே சொன்னேன்.

எதை எடுத்தாலும் டெல்டாவின் காற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் வேட்டியே பூசணம் பூக்கும் ஊர் இது. மாமாவின் வெப்லியில் பேரலின் வலப்பக்கம் விரல் அகலத்துக்கு ஒரு துருப்பட்டை ஓடும், தோல் உறையின் மடிப்பு தொட்டுக்கொண்டிருந்த இடம் அது. தேர்தல் வந்தால் பெரும்பாலும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒரு தேர்தலில் உறையோடு கொடுத்து, மாதக்கணக்கில் கிடந்து, உறையோடு திரும்பி வந்தபோது அந்தப் பட்டையும் கூட வந்தது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும். எடுத்துப்போக மட்டுமே உறை, வைத்திருக்க எண்ணெய்த் துணியும் சிலிக்கா ஜெல் பையும். எண்ணெயிலும் கவனம் தேவை. மாமா வெகுகாலம் தேங்காய் எண்ணெய் போட்டிருக்கிறார். மார்கழிக் குளிரில் அது உறைந்து, பிறகு பிசினாகி, உள்பாகத்தைத் தயங்க வைத்திருக்கிறது. அந்த ஒரு அறை பூட்டாமல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும்.

இவ்வளவும் பேசி, என் தீர்ப்பு .22 பக்கம் சாய்ந்தது. மச்சானும் ஒத்துக்கொண்டான். ஆனால் மாமாவிடம் எப்படிச் சொல்வது? அவர் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, புதுப்பிக்கவும் ஒப்படைக்கவும் அலைய முடியவில்லை. 2016 விதிகளில், லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கி 25 வருஷம் அவரிடம் இருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற வழி உண்டு. இரண்டுமே அவருக்குப் பொருந்தும். மகன் வேண்டாம் என்றால் அது கடைக்காரரிடமோ அரசிடமோ போகும். அவருடைய அப்பா வாங்கியது அது. அதன் துருப்பட்டையைத் தடவிக்கொண்டே அவர் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தவனால் "குறி சரியில்லை, விட்டுவிடுங்கள்" என்று சொல்ல முடியாது.

வழி சொன்னது என் மனைவி. காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றவள், "வாரிசுன்னா தம்பி மட்டும்தானா? நான் யாரு?" என்று கேட்டாள். யாரும் அதுவரை யோசிக்கவில்லை. அவள் பேரில் ஒரு துப்பாக்கியும் கிடையாது, இரண்டு இடமும் காலி. மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, "நீ சுடுவியாம்மா?" என்றார். "கத்துக்கிறேன்ப்பா" என்றாள்.

இப்போது அவளுடைய விண்ணப்பம் போயிருக்கிறது, தம்பியின் சம்மதக் கடிதத்தோடு. பாதுகாப்புப் பயிற்சிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு வருகிறாள். 10 மீட்டரில் ஏர் பிஸ்டல் பிடித்து நிற்கிறாள், அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. மச்சான் தன் ஒற்றை இடத்தை அவசரப்பட்டு நிரப்பாமல் ஆறு அங்குல .22-க்காகக் காத்திருக்கிறான். அதுவரை சங்கத்துப் பிஸ்டலில் வாரத்துக்கு நூறு ரவுண்டு. போன வாரம் ஐந்தில் மூன்று பத்துக்குள் விழுந்தது. அந்தத் தாளை மாமா கேட்டு வாங்கி, முதல் இரண்டு தாளோடு சேர்த்து மடித்து வைத்துக்கொண்டார்.